செவ்வாய்க்கிழமை ரத்தம்

வில்லியனூர்
14.3.1981, சனி

சமது,

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. லேப் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடும். அதைக் கழித்துத்தான் சொல்கிறேன். என் கண் மைக்ராஸ்கோப்பில் இருந்தது. இடது கைக் கட்டைவிரல் எண்ணும் கருவியின் மேல். அதில் 137 என்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயாவின் அண்ணன் சுப்பராயலு மச்சான்தான் பேசினார். "ஜெயா பூட்டா மாப்ள" என்றார். அவ்வளவுதான். போன் கட்டாகிவிட்டது.

அப்போது நான் எண்ணிக்கொண்டிருந்தது அவளுடைய ரத்தம், என் மனைவியின் ரத்தம். காலை ஆறு மணிக்கு அவள் கையிலிருந்து எடுத்தது. நீலச் சாயம் விட்டுப் பார்த்தேன். செத்த செல்தான் சாயம் குடிக்கும் என்பது உனக்குத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு செல் சாயம் குடிக்கவில்லை. அவள் போன பிறகும் அவை கண்ணாடித் தகட்டில் உயிரோடு இருந்தன.

துக்கம் சொல்ல இதை எழுதவில்லை. நீதான் மறுநாள் காலையிலேயே வந்தாயே. மாலை வாங்கி வந்தாய். கூடவே நடந்தாய். எல்லாம் முடிந்து, சுடுகாட்டு வாசலில் நான் ஈர வேட்டியோடு நின்றபோது, என் தோளில் கை வைத்து என்ன கேட்டாய்?

"நேத்து சாம்பிள் எண்ணிட்டியாடா?"

ஏழு மாதமாக நீ என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். ஆகஸ்டில் அவள் மூக்கின் மேலும் கன்னத்திலும் சிவந்து தடித்து, மூட்டு வீங்கி, லூபஸ் என்று டாக்டர் சொன்ன வாரம் உனக்கு எழுதினேன். சிநேகிதன் என்று எழுதினேன். நீ என்ன பதில் போட்டாய்? "நோயாளி தேடி நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறேன், உன் வீட்டிலேயே இருக்கிறாள். செவ்வாய்தோறும் ரத்தம் எடு. டி செல்லை நீ அங்கேயே எண்ணு, அது மெட்ராஸ் வரைக்கும் தாங்காது. சீரத்தை ஐஸில் வைத்து அனுப்பு, ஆன்டிபாடியை நான் இங்கே பார்க்கிறேன்." அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

எடுத்தேன். வாரம் இருபது மில்லி. சோகை பிடித்த உடம்பிலிருந்து. அவளுக்கு ஒரு குழாய், ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒரு குழாய். அந்த எண்ணிக்கைக்கு ரத்தம் கொடுக்க ஒரு ஆடு. அந்த ஆட்டை வளர்த்ததும் அவள்தான்.

எனக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வேண்டும். "ஜெயா என்னால்தான் செத்தாள்" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

குழந்தைவேல்

*

மெட்ராஸ்
18.3.81

வேலு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது கோபம் வந்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் கேள்வியைக் கேட்டேன். இல்லையென்று சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றுமே இல்லை. அழவும் இல்லை, யாரையும் அடையாளம் தெரிந்த மாதிரியும் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நமக்குப் பழகின பேச்சு ஒன்று பேசினால் திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். வாயில் வந்தது அது. தப்புதான். அன்றைக்கு வில்லியனூர் கடையில் அத்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "எளவு வூட்ல போயி கணக்கு கேட்டியாமே, நீயெல்லாம் இன்னாடா படிப்பு படிக்கிற?" என்று எல்லார் எதிரிலும் கேட்டார். பக்கீர் முகமதுவின் மகன் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

ஆனால் நீ கேட்கிற வரியை எழுத மாட்டேன். இருபது மில்லி ரத்தம் எடுத்தால் யாரும் சாவதில்லை. இது எனக்குத் தெரிவதைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. ஆஸ்பத்திரியில் நடந்ததை உன் மச்சான் என்னிடம் சொன்னார். நீ லேப்புக்குக் கிளம்பின பிறகு வாந்தி, நிற்க முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், பிரஷர் இறங்கிக்கொண்டே போனது, ஏற்றவே முடியவில்லை. அதை எங்கள் புரொபசரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாத்திரையை நிறுத்திவிட்டார்களா?" ஏழு மாதம் ஸ்டீராய்டு போட்ட உடம்பு, தான் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று எடுத்துவிட்டால் தாங்க ஆள் இல்லாமல் உடம்பு சரிந்துவிடும். இதுவும் உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய படிவம் எல்லாவற்றிலும் "மாத்திரை: உண்டு" என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. தங்கச்சி மாத்திரையை ஒழுங்காகப் போட்டுதா?

சமது

*

வில்லியனூர்
23.3.1981

சமது,

உனக்கு வெட்கமே இல்லை.

மாத்திரை வாங்கினது நான். பாண்டிக்குப் போய், வரிசையில் நின்று, பிரெட்னிசலோன் இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டு வாங்கினது நான். காலையில் ஆறு மாத்திரை. டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். செவ்வாய்க்கிழமையில் ரத்தம் எடுத்த பிறகு போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். படிவத்தில் டிக் போட்டதும் நான். இதே கேள்வியை அன்றைக்குக் காலை ஒன்பது பதினைந்துக்கு ஆஸ்பத்திரி டாக்டர் லேப்புக்குப் போன் போட்டுக் கேட்டார். "மாத்திரை தினமும் போடறாங்களா? விட்டுப் போச்சா?" "ஒருநாள் கூட விடல சார், நானே பொறுப்பு" என்றேன். அவருக்கே அப்படிச் சொன்னவனிடம் நீ மறுபடியும் கேட்கிறாய்.

இங்கே நிலைமை உனக்குத் தெரியாது. மச்சான் பாகூரிலிருந்து தினமும் வருகிறார். கரும்பு வெட்டை விட்டுவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறார்.

"வாரா வாரம் எந்தங்கச்சி ரத்தத்த உறிஞ்சி மெட்ராசுக்குப் பார்சல் போட்டியே மாப்ள. அங்க இன்னா, ரத்தத்த வெச்சி ஜூஸ் கடை போட்டுருக்கானா உன் ஃப்ரெண்டு?"

"டெஸ்ட்டு மச்சான்."

"டெஸ்ட்டு. ஏழு மாசம் டெஸ்ட்டு. பாஸா ஃபெயிலா சொல்லு."

நாளை மறுநாள் கருமாதி. அது முடிந்ததும் கறி ஆக்க வேண்டுமாம். ஆடு சும்மாதானே கட்டிக் கிடக்கிறது என்கிறார். அது லேப் ஆடு என்றேன். "அப்ப அதுக்கும் டெஸ்ட்டா?" என்றார். நான் சிரித்துவிட்டேன், சமது. அவள் போன பதின்மூன்றாம் நாள் சிரித்தேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அந்த ஆட்டுக்கு ஜெயா வைத்த பெயர் மேஸ்திரி. எதையும் செய்யாது, எல்லாவற்றையும் நின்று பார்க்கும் என்பாள். நான் அதன் கழுத்தில் ஊசி போடும்போது அவள்தான் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கி உனக்கு, நாளிக்கி எனக்கு. அழுவாதடா மேஸ்திரி" என்று சொல்வாள்.

ஒருநாள் லேப்புக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். டி செல்லைச் சுற்றி ஆட்டு ரத்த அணுக்கள் ஒட்டிக்கொண்டு பூ மாதிரி நிற்கும் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு இந்தப் பூவ எண்ற?" என்றாள். சொன்னேன். இதில் இரண்டு சாதி. ஒன்று ஹெல்ப்பர். அது போய்ச் சொன்னால்தான் பி செல் ஆன்டிபாடி செய்யும். இன்னொன்று அடக்குகிற செல். அது போதும் என்று சொன்னால் நிறுத்தும். பாகூர் ஏரி மதகு மாதிரி, திறக்க ஒருத்தன், மூட ஒருத்தன். உனக்கு மூடுகிறவன் குறைந்துபோயிருக்கிறான். அதனால் ஆன்டிபாடி கரை புரண்டு ஓடுகிறது. நோய்க்கிருமியை விட்டுவிட்டு உன் மூட்டையும் சிறுநீரகத்தையும் போய் அடிக்கிறது. மாத்திரைதான் இப்போது மதகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, "எங்க வூட்ல எல்லாரும் தொறக்கறவங்கதான். அண்ணன் வாய மூட ஒரு செல்லு கண்டுபிடிங்க" என்றாள்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உனக்கு அனுப்பினது போக அவளுடைய சீரம் பதினோரு குழாய் என் ஃப்ரீசரில் இருக்கிறது. நீ அந்த வரியை எழுதி அனுப்பவில்லையென்றால் எல்லாவற்றையும் வாஷ்பேசினில் ஊற்றிவிடுவேன். அப்புறம் நீ பட்டம் வாங்கு பார்க்கலாம்.

குழந்தைவேல்

*

மெட்ராஸ்
28.3.81

டேய் வேலு,

ஊற்று. ஊற்றிவிட்டுச் சந்தோஷமாக இரு. அதற்கு முன்னால் இதைப் படி.

நீ படிவத்தில் எழுதி அனுப்புவது செல் எண்ணிக்கை. என்னிடம் இருப்பது ஆன்டிபாடி எண்ணிக்கை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்போது நான் வைத்துப் பார்த்தேன். நீயும் பார்.

சீரத்தைத் தண்ணீர் விட்டு விட்டு நீர்க்கச் செய்து, எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஒளிர்கிறது என்று பார்ப்பேன். டிசம்பரிலிருந்து பிப்ரவரி பத்து வரைக்கும் தங்கச்சிக்கு இருபது மடங்கு. ஆடாமல் அசையாமல் இருபது. மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். பிப்ரவரி பதினேழு: நாற்பது. இருபத்துநாலு: எண்பது. மார்ச் மூன்று: நூற்றறுபது. வாரத்துக்கு வாரம் இரட்டிப்பு. உன் எண்ணிக்கையில் அதே வாரங்களில் அடக்குகிற செல் பாதிக்குப் பாதியாக விழுகிறது. அந்தச் செல் விழ விழ, ஆன்டிபாடி பின்னாலேயே ஏறுகிறது.

தினமும் ஆறு மாத்திரை விழுங்குகிற உடம்பில் இப்படி நடக்காது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒன்று இந்த எண்கள் பொய், அல்லது உன் டிக் பொய். எண்களை இரண்டு தடவை செய்து பார்த்தேன்.

இதற்கெல்லாம் ஆரம்பம் பிப்ரவரி மூன்றாம் தேதி சாம்பிள். அன்றைக்குத்தான் முதல் தடவை அடக்குகிற செல் விழுந்தது. அடுத்த வாரம் பழையபடி ஏறிவிட்டது. அப்புறம் மறுபடி விழ ஆரம்பித்தது. அந்த மூன்றாம் தேதியைப் பார்த்துத்தான் நான் உனக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். மாத்திரை உள்ளே இருக்கும்போதே மதகு மூடுகிறவன் ஓடிப்போகிறான், இதை இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, இப்படி இன்னும் நாலு சாம்பிள் வந்தால் ஏப்ரல் கூட்டத்தில் படிப்பேன், உன் பெயரையும் போடுவேன் என்று எழுதினேன். ஞாபகம் இருக்கிறதா? அந்த மூன்றாம் தேதி என்ன நடந்தது? அதை மட்டும் சொல்.

நீ என்னைத் திட்டு. அடிக்கக்கூட வா. ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றிப் பொய் சொல்லாதே.

சமது

*

வில்லியனூர்
6.4.1981

சமது,

நேரம் குறித்துச் சொல்கிறேன். நேற்று ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி.

மேஸ்திரிக்குத் தவிடு வைக்கப் போனேன். இத்தனை நாள் பக்கத்து வீட்டு அம்சவள்ளிதான் வைத்துக்கொண்டிருந்தது. நேற்று அது மணப்பட்டில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. தவிட்டு டின்னில் கை விட்டேன். அடியில் ஏதோ தகரம் தட்டுப்பட்டது. எடுத்தேன். ஜெயாவின் பவுடர் டப்பா.

உள்ளே சின்னச் சின்னப் பொட்டலம். நாள்காட்டியில் தினமும் கிழிப்போமே, அந்தத் தாளில் மடித்தது. பதினாறு பொட்டலம். ஒவ்வொன்றிலும் ஆறு வெள்ளை மாத்திரை. ஒவ்வொரு தாளிலும் தேதி இருக்கிறது. தரையில் பரப்பி வரிசையாக வைத்தேன்.

பிப்ரவரி 15 ஞாயிறு, 16 திங்கள், 17 செவ்வாய்.
22, 23, 24.
மார்ச் 1, 2, 3.
அப்புறம் மார்ச் 4 புதனிலிருந்து 10 செவ்வாய் வரைக்கும் ஏழு நாளும்.

நான் தண்ணீர் வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது உண்மை. அவள் விழுங்கினதைப் பார்த்தேன் என்று எழுதவில்லை, பார். எழுதும்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது போல.

நீ கேட்ட மூன்றாம் தேதியைச் சொல்கிறேன்.

ஜனவரி முப்பத்தொன்று சனிக்கிழமை மாத்திரை தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே சொன்னாள். பாண்டிக்குப் போனவன் மறந்துவிட்டேன். ஞாயிறு கடை இல்லை. திங்கள் லேப்பில் வேலை, போகவில்லை. செவ்வாய் சாயங்காலம்தான் வாங்கினேன். மூன்று நாள் அவள் மாத்திரை இல்லாமல் இருந்தாள். "பரவால்ல, வுடுங்க. மூணு நாளுல நா இன்னா செத்தா பூடுவேன்?" என்றாள். செவ்வாய்க் காலை படிவத்தை நிரப்பும்போது அந்தக் கட்டம் வந்தது. இல்லை என்று போட்டால் நீ கேட்பாய். சொந்தப் பெண்டாட்டிக்கு மாத்திரை வாங்க மறந்தவன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு அசிங்கமாக இருந்தது. உண்டு என்று டிக் போட்டேன். ஒரு கோடுதானே என்று நினைத்தேன்.

உன் எட்டுப் பக்கம் பதிமூன்றாம் தேதி வந்தது. அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் படித்தேன். உன் பெயரையும் போடுவேன் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த வாரத்து ரத்தத்தப் பத்தி எழுதியிருக்காரு அண்ணன்?"

"மூணாம் தேதி."

"ஓ. மாத்திர இல்லாத வாரம்."

"ம்."

"அது அண்ணனுக்குத் தெரியுமா?"

"வுடு. அப்புறமா சொல்லிக்கலாம்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். டப்பாவில் இருக்கும் முதல் தாள் பிப்ரவரி பதினைந்து.

அவள் முட்டாள் இல்லை. எட்டாவதுதான் படித்தாள். ஆனால் உன் கடிதத்திலிருந்தும் என் மூஞ்சியிலிருந்தும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள். மாத்திரை போடாவிட்டால் அவர்களுக்கு வேண்டியது கிடைக்கிறது. நாலு சாம்பிள் வேண்டும் என்று எழுதியிருந்தாய். நாலு சாம்பிளுக்கு மாத்திரையை விட்டாள். கடைசி வாரம் நன்றாகவே வரட்டும் என்று ஏழு நாளும் விட்டிருக்கிறாள். மாத்திரையை வீசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறாள்.

ஒவ்வொரு செவ்வாயும் சாயங்காலம் கேட்பாள். "இந்த வாட்டி பூ நல்லா வந்துதா?" நான் எண்ணிக்கையைச் சொல்வேன். முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வேன். அடக்குகிற செல் குறைய குறைய நான் சந்தோஷப்பட்டேன், சமது. அது என் மனைவியின் உடம்பு என்பது அந்த நேரத்தில் என் புத்தியில் இல்லை.

இன்னும் இரண்டு இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது பதினைந்துக்கு டாக்டர் கேட்டபோது ஒருநாள்கூட விடவில்லை என்று சொன்னேனே. விட்டிருக்கிறாள் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு ஊசி போட்டிருப்பார். ஸ்டீராய்டு ஊசிதான், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஐஸில் வைத்த செல் தயாராக இருந்தது. தாமதித்தால் பூ உதிர்ந்துவிடும். முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

இரண்டாவது, சுடுகாட்டு வாசலில் நீ கேட்டாய். எண்ணினேனா என்று. பதினொன்று இருபதுக்கு 137. செய்தியைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து 200 வரைக்கும் எண்ணினேன். எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதனால்தான் உன் கேள்வி எனக்கு அப்படிச் சுட்டது.

இதைப் படித்துவிட்டு நீ தப்பித்தாய் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அது எங்கே போய் நிற்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

வேலு

*

மெட்ராஸ்
13.4.81

வேலு,

எனக்குப் பேச்சு வராத நாள் கிடையாது. இன்று வரவில்லை.

நீ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். முந்தைய கடிதத்தில் மறைத்தேன்.

மார்ச் மூன்றாம் தேதி சீரம் எனக்கு ஐந்தாம் தேதி கிடைத்தது. அன்றைக்கே நூற்றறுபது பார்த்துவிட்டேன். ஓடிப்போய்ப் புரொபசரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இந்தப் பெண் மருந்து சாப்பிடவில்லை. உடனே போன் பண்ணு" என்றார். வியாழக்கிழமை. என் மேசை மேல்தான் போன் இருக்கிறது. டிரங்கால் போட்டால் ஒரு மணி நேரத்தில் வில்லியனூர் கிடைக்கும்.

நான் போடவில்லை. போட்டு, அவள் மருந்து சாப்பிடவில்லை என்று நீ சொல்லிவிட்டால் என் கண்டுபிடிப்பு அன்றைக்கே போய்விடும். இன்னும் ஒரு செவ்வாய் வரட்டும் என்று இருந்தேன். ஒரே ஒரு செவ்வாய்.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். நாலு நாள் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்ட வரியை இப்போது எழுதுகிறேன். ஜெயா என்னாலும் செத்தாள். ப. அப்துல் சமது. கையெழுத்துப் போட்டிருக்கிறேன். "என்னால்தான்" என்று எழுதச் சொன்னாய். அப்படி எழுதினால் அதுவும் பொய் ஆகும்.

ஏப்ரல் கூட்டத்தில் படிக்கவில்லை. பேரை வாபஸ் வாங்கிவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். தங்கச்சியின் எண்களை எரிக்க வேண்டாம். அதில் கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. மாத்திரையை மூன்று நாள் விட்டால் அடக்குகிற செல் எவ்வளவு வேகமாக விழுகிறது, எத்தனை நாளில் ஆன்டிபாடி பின்னால் ஏறுகிறது என்று நாள்வாரியாக இருக்கிறது. யாரும் யார் மேலும் வேண்டுமென்று செய்து பார்க்க முடியாத விஷயம். மாத்திரை முகத்தை ஊதவைக்கிறது என்று நிறுத்துகிற பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் தெரியுமா? அவர்களுக்குச் சொல்ல ஒரு டாக்டருக்கு இது வேண்டும். சரியான டிக்கோடு வேண்டும். படிவத்தைத் திருத்த உன்னால் மட்டும்தான் முடியும், அது உன் கையெழுத்து.

வரும் செவ்வாய் இருபத்தொன்றாம் தேதி காலை பத்து மணிக்கு லேப்புக்கு டிரங்கால் போடுகிறேன். சரி, இல்லை, இரண்டில் ஒன்று சொல். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். உன் குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

சமது

*

வில்லியனூர்
21.4.1981, செவ்வாய்

சமது,

உன் வரி கிடைத்தது. மடித்துப் பவுடர் டப்பாவில் வைத்தேன். மாத்திரை அதே பொட்டலங்களில் இருக்கிறது. தொண்ணூற்றாறு.

சனிக்கிழமை பாகூருக்குப் போய் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரும்புத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். டப்பாவைக் காட்டினேன். தாள்களைக் காட்டினேன். நான் மறந்ததையும் டிக் போட்டதையும் டாக்டரிடம் சொன்னதையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்று இருந்தது. தாள் ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கிப் பார்த்தார். அவர் தங்கைக்குக் கொடுத்தனுப்பிய நாள்காட்டியின் தாள்கள்தான் அவை.

"இத்தினி நாளும் நீ ரத்தம் எடுத்தியேன்னு திட்டிக்கினு இருந்தேன்" என்றார். "அதக் குடுத்தவளே அவதானா?"

நான் கிளம்பும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னார்: "இனிமே இந்தப் பக்கம் வராத மாப்ள." கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னார்.

ஆட்டை அவர் அப்புறம் கேட்கவே இல்லை. மேஸ்திரி இங்கேதான் நிற்கிறது. காலையில் கழுத்தைத் தொட்டாலே ஊசி என்று நினைத்துப் பின்வாங்குகிறது. முகத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இந்தப் பார்சலில் பதினோரு சீரமும் இருக்கின்றன. ஐஸ் மெட்ராஸ் வரைக்கும் தாங்கும். உன் அத்தா கடைக்குச் சரக்கு எடுக்க மெட்ராஸ் வரும் செல்லப்பன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கையில் நேராகக் கொடுப்பார். கூடவே படிவங்கள். பிப்ரவரி 3, 17, 24, மார்ச் 3, 10. ஐந்திலும் "உண்டு" என்பதை ஒரே கோடாக அடித்து, "இல்லை" என்பதில் டிக் போட்டு, பக்கத்தில் இன்றைய தேதியும் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பழைய டிக் தெரிய வேண்டும், அழிக்கவில்லை. மூன்றாம் தேதிப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "கணவர் வாங்க மறந்தார்" என்று எழுதியிருக்கிறேன். மற்ற நான்கிலும் "கணவர் கேட்கவில்லை". அதைத் தமிழிலேயே போடு. மொழிபெயர்க்காதே.

மார்ச் பத்தின் எண்ணிக்கையும் இருக்கிறது. 200 முழுதாக. 137-க்குப் பிறகு ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் எண்ணினதை நீ சேர்ப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

நோயாளி எண் ஏழு என்று எழுதாதே. ஜெயா, வயது இருபத்துமூன்று என்று எழுது. என் பெயர் வேண்டாம்.

இதைச் சரி என்று எடுத்துக்கொள். நான் மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ நாலு நாள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் இரண்டு மணி நேரம் கண்ணாடித் தகட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதில் யார் கணக்கு பெரிது என்று உன்னோடு போனில் பேச எனக்குத் தெம்பு இல்லை. என் குரலைக் கேட்க வேண்டும் என்கிறாய். ஒன்பது பதினைந்துக்கு அந்த டாக்டர் கேட்டது இந்தக் குரலைத்தான். "நானே பொறுப்பு" என்று சொன்ன குரல்.

இன்று செவ்வாய். ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் ஊசியைக் கொதிக்க வைத்துவிட்டேன். வைத்ததை வீணாக்க வேண்டாம் என்று என் கையிலிருந்து ஒரு குழாய் எடுத்தேன். எண்ணிப் பார்த்தேன். ஹெல்ப்பர் சரியாக இருக்கிறது. அடக்குகிற செல் சரியாக இருக்கிறது. ஏழு மாதமாக எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை எனக்கு.

இப்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து, லேப் கடிகாரத்தின் இரண்டு நிமிடத்தைக் கழித்து. நீ டிரங்கால் புக் செய்திருப்பாய். போனின் ரிசீவரை எடுத்து மேசை மேல் படுக்க வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கொர்ரென்று கத்திக்கொண்டிருந்தது. இப்போது இல்லை.

வேலு